வரைந்தவர் பெயருக்குக் கீழே

வெலிச்கா சோனேவா தன் வாழ்நாளில் போட்ட கையெழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே கட்டத்துக்குள் போட்டவை. எந்த இயந்திர வரைபடத்தை எடுத்தாலும் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். முதல் வரி வரைந்தவருக்கு; மூன்றாவது வரி ஒப்புதல் கொடுத்தவருக்கு. நடுவில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு வரி, ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில். முப்பத்தேழு வருஷம் அவள் அதற்குள் குடியிருந்தாள். கல்யாணப் பதிவேட்டில் இடம் தாராளமாக இருந்தும் அதே உயரத்தில்தான் கையெழுத்துப் போட்டாள் என்று அவள் கணவன் சொல்லிக்கொண்டிருப்பான். அந்தக் கணவன் ஒரு பருவம் ஆரஞ்சு பறித்துவிட்டு வருகிறேன் என்று ஸ்பெயினுக்குப் போனான். அங்கே ஆரஞ்சுப் பருவம் இன்னும் முடியவில்லை.

சரிபார்ப்பவருக்குச் சந்தேகம்தான் மூலதனம். வெலிச்காவுக்கு அது தாராளமாக இருந்தது. ரொட்டியை வீட்டுத் தராசில் எடை போடுவாள். எடை சரியாக இருந்தால் தராசைச் சந்தேகிப்பாள். மனிதர்களை மட்டும் சோதனை இல்லாமல் நம்பிவிடுவாள்.

பல்கேரியாவின் கப்ரோவோ ஊரில் ஆற்றங்கரையில் இருந்த அரசு ஆலையில் இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு பச்சைப் பென்சில் கொடுத்தார்கள். வரைபடத்திலுள்ள ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பச்சையில் ஒரு கோடு போட வேண்டும். ஆலை மூடப்பட்டது, நாடு மாறியது, வரைபலகை போய்க் கணினி வந்தது. பச்சைப் பென்சில் மட்டும் போகவில்லை. மூடிய ஆலையின் ஒரு கொட்டகையை மின்கோ என்ற ஃபிட்டர் வாடகைக்குப் பிடித்து, தயிரைக் கோப்பையில் நிரப்பும் இயந்திரம் செய்ய ஆரம்பித்தபோது, பழைய ஆலையிலிருந்து இரண்டு பேரை அழைத்துக்கொண்டான். ஒருத்தி வெலிச்கா. இன்னொருவர் பெனியோ காட்செவ். பெனியோ வரைவார், வெலிச்கா சரிபார்ப்பாள். முதலாளியான பிறகும் மின்கோ அவளை 'அக்கா, நீங்க' என்றுதான் கூப்பிட்டான். அவள் அவனை 'நீ' என்பதை நிறுத்தவில்லை.

பெனியோ புதிய கோப்பு ஒன்றைத் திறந்து முதலிலிருந்து வரைந்ததை யாரும் பார்த்ததில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவது அவருக்கு வீண்செலவு. சிக்கனத்துக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நோய் அல்ல, குணம். முதல் வருஷம் ஒரு தகட்டை வரைந்தார். அதன்மேல் ஓர் இயந்திரத்தை எழுப்பினார். அடுத்த இயந்திரம் அதன் நகல், அதற்கடுத்தது நகலின் நகல். கோப்புகளின் பெயரே கதை சொல்லும்: 'தகடு', 'தகடு புதுசு', 'தகடு புதுசு இது', 'தகடு புதுசு இதுதான்'.

கணினியில் ஓர் இயந்திரத்தை எழுப்புவது என்றால், ஒவ்வொரு பாகத்துக்கும் அது எதன்மேல் உட்கார வேண்டும், எதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்லிவைப்பதுதான். ஒழுங்காகச் சொல்லிவைத்தால், பிறகு ஓர் எண்ணை மாற்றும்போது மற்றதெல்லாம் தானே நகர்ந்து இடம் கொடுக்கும். நிற்பதற்கென்று மூன்று தளங்களைக் கணினி ஒவ்வொரு கோப்பிலும் சும்மாவே தருகிறது. அவை எந்த எண் மாறினாலும் அசையாதவை. பெனியோ அவற்றைத் தொட்டதே இல்லை. கண்ணுக்கு எந்த விளிம்பு தட்டுப்படுகிறதோ அதில் ஒட்டிவிடுவார். நாளைக்கு அந்த விளிம்பை மழுக்குவார்கள், அந்தத் துளையை அடைப்பார்கள். அப்போது அதைப் பிடித்துக்கொண்டிருந்த பாகம் பிடி விட்டுத் திரையில் சிவக்கும். அதைப் பிடித்திருந்ததும் சிவக்கும். கால் மணியில், பாகங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த அசெம்பிளியும் மிளகாய் காயப்போட்ட முற்றம் மாதிரி ஆகிவிடும்.

"ஏண்ணே, மூணு தளம் சும்மாதானே கெடக்கு. அதுல ஒட்டினா கொறைஞ்சா போயிருவீங்க?" என்று வெலிச்கா மாதத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"அது எப்பவும் இருக்கும். விளிம்பு இன்னிக்கு இருக்கு, அதை மொதல்ல செலவு பண்ணுவோம்," என்பார் பெனியோ.

ஆனால் பெனியோவின் கையில் அது சிவக்காது. எந்த எண்ணை முதலில் மாற்ற வேண்டும், எந்தப் பாகத்தைத் திறந்து மூடிவிட்டு எதற்குப் போக வேண்டும் என்ற வரிசை முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. ஒரு தடவை அவர் பத்து நாள் வார்னா கடற்கரைக்குப் போனார். மின்கோ பொறுக்காமல் ஒரு தூணின் உயரத்தை ஐந்து மில்லிமீட்டர் கூட்டினான். அன்று பிற்பகல் முழுக்கப் பெனியோ இடுப்பளவு கடல் தண்ணீரில் நின்றபடி, செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதற்குப் பிறகு எது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி டோன்கா கரையில் துண்டோடு நின்றாள். இந்த ஆளை வேலையை விட்டு அனுப்பவும் முடியாது, விடுமுறையில் அனுப்பவும் முடியாது என்று மின்கோ எல்லோரிடமும் புலம்பினான். பெனியோவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று நடந்துகொண்டிருந்தபோது, மார்ச் மாதம் இரண்டாம் வாரம், மேசையிலேயே வாய் கோணியது. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள் மருத்துவமனையில். கை கால் திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. ஜூன் மாதம் வேலைக்கு வந்தபோது அவர் மணிக்கட்டில், ஊர் வழக்கப்படி மார்ச் முதல் தேதி கட்டிய சிவப்பு வெள்ளை நூல் அப்படியே இருந்தது. முதல் மரம் பூத்திருப்பதைப் பார்த்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்ட வேண்டிய நூல். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் இருந்தது. பார்க்காத மரத்துக்கு எப்படி அவிழ்ப்பது என்று கேட்டார். நியாயம்தான் என்று வெலிச்காவுக்குப் பட்டது.

செப்டம்பரில் ரஸ்கிராத் பக்கத்துப் பால் பண்ணை ஒன்று, எழுபத்தைந்து மில்லிமீட்டர் கோப்பைக்குப் பதிலாகத் தொண்ணூற்றைந்து வேண்டும் என்று கேட்டது. கோப்பை அகன்றால் குழாய்களின் இடைவெளி அகல வேண்டும், தகடு, பட்டை, தூண் எல்லாமே அதோடு நகர வேண்டும். பெனியோ இரண்டே நாளில் முடித்துவிட்டார். திரையில் ஒரு சிவப்பு இல்லை. மின்கோவுக்குத் தலைகால் புரியவில்லை.

வெலிச்காவுக்கு ஒரு பழக்கம். சரிபார்க்கும்போது முக்கியமான எண்ணை ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் பார்ப்பாள். எல்லாம் கூடவே நகர்ந்தால் திருப்தியாகி, பழைய எண்ணைத் திரும்ப வைப்பாள். தொண்ணூற்றைந்தைத் தொண்ணூற்றாறு ஆக்கினாள். தகட்டின் துளைகள் மட்டும் பெரிதாயின. மற்ற நூற்றுத் தொண்ணூறு பாகங்களும் போட்டோவுக்கு நிற்பது மாதிரி நின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அத்தனை இணைப்புகளும் அழிக்கப்பட்டிருந்தன. பாகங்களைக் கண்மதிப்பில் இழுத்துப் பொருத்திவிட்டு, அந்தந்த இடத்திலேயே அசையாதபடி பூட்டியிருந்தார். எதையும் எதுவும் பிடித்திருக்கவில்லை. அதனால் எதுவும் பிடி விடவில்லை. மூன்றாவது குழாய்க்கும் நான்காவது குழாய்க்கும் நடுவே நூற்றுப் பத்து இருக்க வேண்டிய இடத்தில் நூற்றெட்டு புள்ளி ஆறு இருந்தது. இப்படியே இரும்பை வெட்டினால் நாலாவது கோப்பையில் தயிர் உள்ளே பாதி, வெளியே பாதி விழும்.

பெனியோ ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"எல்லாத்துக்கும் ஆணி அடிச்சு வெச்சிருக்கீங்கண்ணே."

"ஆடாம இருக்குல்ல."

"செத்தவங்களும்தான் ஆடாம இருக்காங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பெனியோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அதன் பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு கணம் தேடினார்.

"ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தெரியுது வெலிச்கா. எது முன்ன, எது பின்னன்னு தெரியல. வரிசை போயிருச்சு. கைய வெச்சா செவக்குது. செவந்தா மின்கோ பாத்துருவான்."

அவர் கோப்பையின் பிடியைத் தன் பக்கம் திருப்பிவைத்தார்.

"பதினாலு மாசம். அவ்வளவுதான். அப்புறம் எதுவேணா செவந்துட்டுப் போகட்டும்."

பதினாலு மாதம் கழித்து அவருக்கு ஓய்வு. அதற்கு முன்னால் வெளியேறினால் ஓய்வூதியம் குறையும். அதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். மூளை கலங்கிவிட்டது என்று காரணம் எழுதி வெளியேறுவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. வெலிச்காவுக்கு இருந்தவை இரண்டே வழி. பச்சைப் பென்சிலால் உண்மையை எழுதி மின்கோவிடம் கொடுக்கலாம். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுப் பொய்யை வெட்ட அனுப்பலாம். இரண்டையும் செய்யாமல், வரைபடத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, அக்டோபர் ஆகும் என்று மின்கோவிடம் சொன்னாள். அவள் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் சரிபார்க்க அங்கே ஆள் இல்லை.

சனிக்கிழமைகளில் மின்கோ அணைக்கு மீன் பிடிக்கப் போய்விடுவான். ஐந்து சனிக்கிழமை காலைகளில் வெலிச்காவும் பெனியோவும் ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். டோன்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டுக் கொடுத்தனுப்பிய பானிட்சா நடுவில் இருந்தது. வெலிச்கா ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்தாள். அந்த அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷத்தில் யாரும் செய்யாத காரியம். அந்த மூன்று தளங்களை வைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் அச்சுக்கோடு போட்டாள். கோப்பையின் அகலம், இடைவெளி, உயரம், வரிசைகளின் எண்ணிக்கை என்று நாலே நாலு எண்களை எழுதினாள். எலும்புக்கூடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பாகமும் எலும்புக்கூட்டைத்தான் பிடிக்க வேண்டும், ஒன்றையொன்று பிடிக்கக் கூடாது. இது அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். சரிபார்ப்பவளுக்கு வரைய வேண்டிய அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

வரிசை போனவருக்குக் காரணங்கள் போகவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து வைக்கும்போது அது ஏன் அங்கே இருக்கிறது என்று பெனியோ சொன்னார். இந்த மூடி, த்ரோயான் ஊர்ப் பண்ணையில் இயந்திரம் கழுவுகிற பெண்ணின் சட்டைக் கை உள்ளே சிக்கியதற்குப் பிறகு வைத்தது. இந்தத் துளை, சாவியைக் கீழே போட்டுத் தேடுகிற ஒரு மெக்கானிக்குக்காக, மாட்டிவைக்க. இந்தச் சாய்வு, தயிர் தேங்கிப் புளிக்காமல் இருக்க. அவள் காரணத்தையே பாகத்துக்குப் பெயராக வைத்தாள். 'சட்டைக்கை மூடி, இடது' என்று திரையில் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"பாகத்துக்குப் பேரு வெக்கிறியா, பாஸ்போர்ட் எடுக்கிறியா?"

மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான். ஐந்து சனிக்கிழமைகளும் போதாது போலிருந்தது அவளுக்கு.

கடைசிச் சனிக்கிழமை அவர் திரையை நெருங்கி வந்து எதையோ தேடினார்.

"என் தகடு எங்க?"

அவள் காட்டினாள்.

"இதுமேல என்ன நிக்குது?"

"இதுமேல எதுவும் நிக்கலண்ணே. மத்ததோட சேர்ந்து இதுவும் நிக்குது."

"எடுத்துட்டா?"

எடுக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கேட்ட சோதனையைச் செய்து காட்டாமல் இருக்க அவள் கை பழகியிருக்கவில்லை. தகட்டை மறைத்தாள். இயந்திரத்தின் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. குழாய்கள் இருந்த இடத்தில் இருந்தன, தூண்கள் இருந்த இடத்தில் இருந்தன. எங்கும் ஒரு துளி சிவப்பு இல்லை. பெனியோ அந்த இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலை," என்றார்.

தாள்களை அச்செடுத்தாள். வரைந்தவர் என்ற இடத்தில் 'பெ. காட்செவ்' என்று இருந்தது. எலும்புக்கூட்டின் கோப்பிலேயே அதை எழுதிவைத்திருந்தாள், அங்கிருந்து எல்லாத் தாளுக்கும் தானே வந்துவிடும். பிறகு திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பச்சைப் பென்சிலோடு உட்கார்ந்து, முப்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக, தான் வரைந்ததைத் தானே சரிபார்த்தாள். ஒரு தப்பு இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நிம்மதி வந்தது. திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பால் பண்ணையிலிருந்து வரைபடத்தைப் பார்க்க வந்த அம்மாள், நூற்றுப் பத்து மில்லிமீட்டர் கோப்பை என்றால் என்ன ஆகும் என்று சும்மாதான் கேட்டாள். மின்கோ துணிந்து எண்ணைத் தட்டினான். இயந்திரம் முழுவதும் ஒருமுறை மூச்சு இழுத்த மாதிரி அகன்று நின்றது. மின்கோ எழுந்து போய்ப் பெனியோவின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தான். எண்பது வைத்துப் பார்த்தான், ஆறு வரிசை வைத்துப் பார்த்தான், பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அன்றைக்கு முழுக்க அதையே செய்துகொண்டிருந்தான். பெனியோ தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் மின்கோ அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினான். கெட்டவன் அல்ல அவன். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. இத்தனை வருஷம் ஒரு விடுமுறைகூட நிம்மதியாக விடவில்லை, அது தன் தப்பு என்றான். இப்போது யார் வேண்டுமானாலும் எண்ணை மாற்றலாம், அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், மாதக் கடைசியோடு போதும் என்றான். பெனியோ தலையசைத்துவிட்டு வந்து தன் இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

வெலிச்கா மின்கோவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது அவர் வரைஞ்சதில்ல. நான் வரைஞ்சேன்."

"தெரியும்க்கா."

"எப்ப தெரியும்?"

"மொத நாளே. ஒவ்வொரு பாகத்துக்கும் பேரு இருந்துச்சே. பெனியோ அண்ணன் பெத்த புள்ளைக்கே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பேரு வெச்சாரு."

அவள் உட்காரவில்லை. "அப்ப இன்னும் ஒரு வருஷம் சும்மா உக்கார வை. என்ன கொறைஞ்சு போச்சு உனக்கு?"

மின்கோ கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தான். பொய் சொல்லத் தெரியாதவன். ஃபிட்டராக இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

"அந்தச் செவப்பு இருந்திருந்தா வெச்சிருப்பேன்க்கா. பயந்துக்கிட்டு வெச்சிருப்பேன். அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்கூட. இப்ப பயம் இல்ல."

ஆற்றுப் பாலத்தில் நடந்து வீட்டுக்குப் போகும்போது அவள் அதைச் சரிபார்த்தாள். தப்பான வரைபடத்தை அப்படியே விட்டிருந்தால் செப்டம்பரிலேயே அவமானத்தோடு போயிருப்பார். இப்போது நவம்பரில் மரியாதையோடு போகிறார். அவள் வரைந்ததால் அவருக்குக் கிடைத்தது இரண்டு மாதமும் தலையில் ஒரு முத்தமும். வேறு எதையாவது விட்டுவிட்டோமா என்று பாலத்தின் மறுமுனை வரை தேடினாள். ஐந்து சனிக்கிழமை காலைகள் இருந்தன. அவற்றை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. அலுவலகத்திலேயே மிக மோசமாக உடைந்துபோயிருந்த அந்த அசெம்பிளிதான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. அதை அவள்தான் சரிசெய்தாள்.

கடைசி நாளில் பானிட்சா, ரக்கியா சாராயம் எல்லாம் இருந்தன. மின்கோ அழுதான். பெனியோ ஒருவர் விடாமல் எல்லோர் கையையும் குலுக்கிவிட்டு, வெலிச்காவிடம் வரும்போது மட்டும் கையைக் கொடுக்காமல், அவள் கோட்டின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். டோன்கா உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் அந்த நூல் இன்னும் இருந்தது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. ஜன்னலுக்கு வெளியே பிளம் மரம் முழுக்கப் பூத்திருந்தது.

"மரம் பூத்துருச்சுண்ணே. அவுத்துரலாமா?"

அவர் பார்த்தார். "இது எந்த வருஷத்து நூலு?"

"போன வருஷத்தது."

"மரம்?"

"இந்த வருஷத்தது."

"பொருந்தாதே வெலிச்கா," என்றார். கேலியா, நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வற்புறுத்தவில்லை. காப்பி வந்தது, குடித்தார்கள்.

அவர் இடத்துக்கு இஸ்க்ரா வந்தாள். சோஃபியாவில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவள், நாற்பது வயது, கெட்டிக்காரி. எலும்புக்கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இதை வரைந்தவர் யாரோ வேலை தெரிந்த ஆள் என்றாள். வெலிச்கா ஆமாம் என்றாள். மே மாதம் புதிய இயந்திரம் ஒன்றுக்குத் தாள் எடுக்கும்போது இஸ்க்ரா அடுத்த மேசையிலிருந்து கேட்டாள்.

"அக்கா, எல்லாத் தாள்லயும் பெ. காட்செவ்னு வருது. எலும்புக்கூட்டுல இருந்து வருது போல. எடுத்துரட்டுமா? ஆளே இல்லையே."

வெலிச்கா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தொடாதே. அதுமேல நெறையத் தொங்குது. எடுத்தா மொத்தமும் செவக்கும்."

இஸ்க்ரா அந்தப் பெயரை எதுவெல்லாம் பிடித்திருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். தேடினால் கணினி சொல்லிவிடும். ஒன்றுமே பிடித்திருக்கவில்லை.

"இங்க எதுவும் காட்டலையேக்கா."

"காட்டாது."

இஸ்க்ரா அவள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெயரை அப்படியே விட்டு அச்சுக்குக் கொடுத்தாள். தாள்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெலிச்கா முதல் தாளை எடுத்து, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பச்சைக் கோடு போட்டுக்கொண்டே வந்து, வலது கீழ் மூலையை அடைந்தாள். முதல் வரியை ஒருமுறை படித்தாள். அதன்மேலும் ஒரு பச்சைக் கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழே, ஐந்து மில்லிமீட்டருக்குள், கையெழுத்துப் போட்டாள்.